தரவுக் குழாய்வழிகளில் பணி, நேர அட்டவணை, உணரி

டேட்டா பைப்லைன் எனப்படும் தரவுக் குழாய்வழி என்பது, தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து, சீர்ப்படுத்தி, கணக்கிட்டு, பயன்படுத்துவோரிடம் கொண்டுசேர்க்கும் படிகளின் தொடர் ஆகும். அந்தப் படிகளை உரிய வரிசையிலும் உரிய நேரத்திலும் இயக்கி, எது முடிந்தது, எது தவறியது என்று கணக்கு வைத்திருக்கும் மென்பொருள் ஒருங்கியக்கி எனப்படும். ஏர்ஃப்ளோ, டேக்ஸ்டர் ஆகியவை இவ்வகை மென்பொருள்கள். இக்கட்டுரை டேக்ஸ்டரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் மூன்று அடிப்படை உறுப்புகளான பணி, நேர அட்டவணை, உணரி ஆகியவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதை விளக்குகிறது.

மூன்றின் வேலையையும் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பணி சொல்கிறது. எந்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பதை நேர அட்டவணை சொல்கிறது. எது நடந்தால் செய்ய வேண்டும் என்பதை உணரி சொல்கிறது. 'என்ன' என்பதையும் 'எப்போது' என்பதையும் தனித்தனியே வைத்திருப்பதே இந்த அமைப்பின் மையக் கருத்து. அப்படிப் பிரித்து வைத்தால், ஒரே பணியை மணிக்கணக்கில் ஓட்டலாம், கோப்பு வந்ததும் ஓட்டலாம், தேவைப்பட்டால் கையாலும் ஓட்டலாம். பணியின் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு சரியாக அமையாவிட்டால் வரும் கேடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. பிழையோடு நின்றுபோன பணி திரையில் சிவப்பாகத் தெரியும். தொடங்காமலே போன பணி எந்த நிறத்திலும் தெரியாது. தரவு வருவதற்கு முன்பே ஓடி, வெற்றுக் கோப்பைக் கணக்கிட்டு, வெற்றி என்று பச்சை காட்டும் பணியோ இன்னும் ஏமாற்றும்.

பின்னணி

குறித்த நேரத்தில் ஒரு நிரலை ஓட்டும் வேலையை யுனிக்ஸ் இயங்குதளங்களில் கிரான் என்னும் சிறு நிரல் செய்துவருகிறது. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் அது இடம்பெற்றிருந்தது. பால் விக்ஸி 1987-இல் எழுதிய வடிவம் பின்னர் பல லினக்ஸ் வெளியீடுகளில் பரவியது. கிரானுக்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. முதல் நிரல் முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க வேண்டும் என்பதோ, முதலாவது தோற்றால் இரண்டாவதை நிறுத்த வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது.

இக்குறையை நீக்கும் வகையில் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014-இல் ஏர்ஃப்ளோ உருவாக்கப்பட்டது. இதைத் தொடங்கியவர் மாக்சிம் போஷ்மன். இது 2019-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பதைச் சுழற்சியற்ற திசைக்கோட்டுரு ஒன்றாக எழுதுவது இதன் வழிமுறை.

டேக்ஸ்டரைத் தொடங்கியவர் நிக் ஷ்ராக். இவர் ஃபேஸ்புக்கில் பணியாற்றியபோது கிராஃப்கியூஎல் வினவல் மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர். டேக்ஸ்டர் பைத்தான் மொழியில் எழுதப்படும் திறமூல மென்பொருள், அதன் 1.0 பதிப்பு 2022-இல் வெளியானது. செய்யப்படும் வேலையைவிட, வேலையின் விளைவாகக் கிடைக்கும் தரவை முன்னிறுத்துவது இதன் தனித்தன்மை. ஓர் அட்டவணை, ஒரு கோப்பு, ஓர் இயந்திரக் கற்றல் மாதிரி என நிலைத்திருக்கும் விளைபொருள் ஒவ்வொன்றும் இதில் 'அசெட்' எனப்படுகிறது.

எடுத்துக்காட்டு: நாள்மழைக் கணக்கு

கருத்துகளைத் தொடர்ந்து விளக்க ஒரு கற்பனைக் குழாய்வழியை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மரபில் ஒரு நாளின் மழை என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை பெய்தது அன்று, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்தது. இந்திய நேரம் காலை 8.30 என்பது அனைத்துலக நேரமான யூ.டி.சி.யில் அதிகாலை 3.00 மணி.

மழைமானி நிலையங்களிலிருந்து நாள்தோறும் கோப்புகள் ஒரு கோப்புறைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சில நிலையங்களின் கோப்பு ஒன்பது மணிக்கே வந்துவிடும். சிலவற்றின் கோப்பு பிற்பகலில் வரும். புயல் நாளில் மறுநாளும் வரலாம். இத்தரவிலிருந்து நான்கு அசெட்டுகள் உருவாக வேண்டும்:

1. வந்த கோப்புகளில் உள்ளபடியே சேமித்த மூல அளவீடுகள்
2. பிழை நீக்கிய, ஒரே அலகுக்கு மாற்றிய அளவீடுகள்
3. மாவட்டவாரி நாள் சராசரி
4. மாவட்டவாரி மாத மொத்தம்

முதலாவதிலிருந்து இரண்டாவதும், அதிலிருந்து மூன்றாவதும், அதிலிருந்து நான்காவதும் பிறக்கின்றன. இந்தச் சார்பு உறவை அசெட்டுகளின் நிரலிலேயே எழுதிவிடலாம். எதை எப்போது ஓட்டுவது என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.

பணி

டேக்ஸ்டரில் பணி என்பது ஒன்றாகச் சேர்த்து ஓட்டப்படும் அசெட்டுகளின் தொகுப்பு. ஒரு பணியை ஒருமுறை இயக்குவது ஓட்டம் எனப்படும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி அடையாள எண்ணும், பதிவேடும், தொடக்க முடிவு நேரங்களும் உண்டு. அசெட்டுகளைப் பெயரால் தேர்ந்தெடுக்கலாம். ஒரு குழுவிலுள்ள அனைத்தையும் தேர்ந்தெடுக்கலாம். 'இந்த அசெட்டும் இதற்குக் கீழே உள்ளவை எல்லாமும்' என்றும் சொல்லலாம். குழுவால் தேர்ந்தெடுத்தால், நாளை அக்குழுவில் புதிய அசெட் ஒன்று சேரும்போது அது பணியிலும் தானாகச் சேர்ந்துவிடும். இது வசதி, ஆனால் நேரம் பிடிக்கும் புதிய அசெட் ஒன்று யாரும் எண்ணாமலே தினசரிப் பணிக்குள் நுழைந்துவிடவும் இதுவே வழி.

எத்தனை அசெட்டுகளை ஒரு பணியில் வைப்பது என்பது தொடக்கக்காரர்களுக்கு எழும் முதல் ஐயம். எல்லாவற்றையும் ஒரே பணியில் வைத்தால், மாத மொத்தத்தில் ஏற்படும் சிறு பிழை தினசரி ஓட்டத்தையும் தோல்வியாகக் காட்டும். ஒவ்வோர் அசெட்டையும் தனிப் பணியாக்கினால், அவற்றை வரிசைப்படுத்தும் வேலை மீண்டும் நம் தலையில் விழும். ஒரே தூண்டுதலால் தொடங்க வேண்டியவை, ஒன்றாக வென்றோ ஒன்றாகத் தோற்றோ பொருள்படுபவை, ஒரே குழுவின் பொறுப்பில் உள்ளவை ஆகியவற்றை ஒரு பணியில் சேர்ப்பது நல்ல அளவுகோல். நம் எடுத்துக்காட்டில் இதன்படி மூன்று பணிகள் அமையும்: கோப்பைச் சேர்த்துச் சீர்ப்படுத்தும் பணி, நாள் சராசரிப் பணி, மாத மொத்தப் பணி.

பணிக்குப் பெயரிடும்போது அதன் செயலைச் சொல்வது நல்லது. நேரத்தைச் சொல்வது நல்லதன்று. 'காலை ஆறு மணிப் பணி' என்ற பெயர், அட்டவணையை ஏழு மணிக்கு மாற்றிய நாளிலேயே பொய்யாகிவிடும். 'மாவட்ட நாள் சராசரி' என்ற பெயர் எந்த மாற்றத்துக்கும் தாங்கும்.

நேர அட்டவணை

நேர அட்டவணை ஒரு பணியையும் ஒரு நேரக் குறிப்பையும் இணைக்கிறது. நேரக் குறிப்பு கிரான் மரபில் ஐந்து இடங்களாக எழுதப்படும். இடமிருந்து வலமாக அவை நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள் ஆகும். விண்மீன் குறி 'எதுவாயினும்' என்று பொருள்படும். சில எடுத்துக்காட்டுகள்:

0 11 * * * — நாள்தோறும் 11.00 மணிக்கு
30 8 * * 1 — திங்கள்தோறும் 8.30 மணிக்கு
0 6 1 * * — மாதம்தோறும் 1-ஆம் நாள் 6.00 மணிக்கு
*/15 * * * * — 15 நிமிடத்துக்கு ஒருமுறை

கிரான் மரபில் பலரையும் தடுமாறச் செய்யும் விதி ஒன்று உண்டு. மாதத்தின் நாளையும் வாரத்தின் நாளையும் ஒருசேரக் குறிப்பிட்டால், இரண்டில் எது பொருந்தினாலும் நிரல் ஓடும். 0 9 1 * 1 என்று எழுதினால், 1-ஆம் நாள் திங்களாக வரும்போது மட்டும் ஓடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் எல்லா 1-ஆம் நாளும் ஓடும். எல்லாத் திங்களும் ஓடும்.

நேர வலயம்

டேக்ஸ்டரில் நேர வலயத்தைக் குறிப்பிடாவிட்டால் அட்டவணை யூ.டி.சி. நேரப்படி இயங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூர் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னதாக உள்ளது. எனவே காலை 11.00 மணி என்று எண்ணி எழுதிய அட்டவணை, மாலை 4.30 மணிக்கு ஓடும். ஓட்டம் தவறுவதில்லை, பிழையும் எழுவதில்லை. அறிக்கை மட்டும் ஐந்தரை மணி நேரம் தாமதமாக வரும். ஆசியா/கொல்கத்தா என்ற வலயப் பெயரை அட்டவணையிலேயே எழுதிவிட்டால் இச்சிக்கல் தீரும்.

கோடைகாலத்தில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் கூடுதல் கவனம் தேவை. நியூயார்க்கில் மார்ச்சில் ஒரு நாள் அதிகாலை 2.00 மணியிலிருந்து கடிகாரம் நேராக 3.00-க்குத் தாவுகிறது, அன்று 2.30 என்ற நேரமே கிடையாது. நவம்பரில் ஒரு நாள் 1.30 இருமுறை வருகிறது. அங்குள்ள அட்டவணைகளை இந்த இடைவெளிக்கு வெளியே வைப்பது எளிய தீர்வு.

பகுப்பு

நாள்தோறும் சேரும் தரவை நாள்வாரியாகப் பிரித்து வைப்பது பகுப்பு, அதாவது பார்ட்டிஷன் எனப்படும். பணி பகுக்கப்பட்டிருந்தால், ஒவ்வோர் ஓட்டமும் 'இன்று' என்று பொதுவாக ஓடாமல், குறிப்பிட்ட ஒரு நாளுக்காக ஓடும். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு நாளின் கணக்கில் பிழை தெரிந்தால், அந்த ஒரு பகுப்பை மட்டும் மீண்டும் ஓட்டலாம். பல பகுப்புகளை ஒருசேரத் திரும்ப ஓட்டுவதற்குப் பேக்ஃபில் என்று பெயர்.

இதற்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. பணியின் நிரல் கணினிக் கடிகாரத்தைப் பார்த்து நாளை அறியக் கூடாது. தனக்குக் கொடுக்கப்பட்ட பகுப்பின் பெயரைப் பார்த்தே அறிய வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கும் நிரலை அக்டோபர் 3-க்காக அக்டோபர் 24 அன்று மீண்டும் ஓட்டினால், அது அக்டோபர் 24-இன் தரவையே எடுத்துவரும்.

மழைக் கணக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பகுப்பின் எல்லையை நள்ளிரவிலிருந்து காலை 8.30-க்கு நகர்த்த டேக்ஸ்டரில் வழி உண்டு. ஆனால் அங்கே பகுப்பு அது தொடங்கும் நாளின் பெயரைப் பெறும். அக்டோபர் 15 காலை 8.30 முதல் அக்டோபர் 16 காலை 8.30 வரை உள்ள பகுப்பின் பெயர் அக்டோபர் 15. வானிலைத் துறையின் மரபிலோ அதே மழை, அளக்கப்பட்ட நாளான அக்டோபர் 16-இன் கணக்கில் சேரும். பெயரை அப்படியே அறிக்கையில் அச்சிட்டால் ஒவ்வொரு நாளின் மழையும் ஒரு நாள் முன்னதாகப் பதிவாகும். மாதத்தின் கடைசி நாளில் தொடங்கிய பகுப்பு அடுத்த மாதத்துக்குரியது. ஆகவே மாத மொத்தமும் தவறும். பகுப்பின் பெயரை வெளியீட்டு நாளாக மாற்றும் விதியை ஒரே இடத்தில் எழுதி, எல்லா அசெட்டுகளும் அதையே பயன்படுத்துமாறு செய்வது பாதுகாப்பானது.

உணரி

கடிகாரத்தை நம்ப முடியாத இடத்தில் உணரி தேவைப்படுகிறது. சென்சார் எனப்படும் உணரி, குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் அழைக்கப்படும் ஒரு சிறு நிரல். டேக்ஸ்டரில் இடைவெளியைக் குறிப்பிடாவிட்டால் அது 30 நொடி. ஒவ்வொரு முறையும் உணரி வெளியுலகைப் பார்த்து, 'இந்தப் பணியை ஓட்டு' என்றோ 'இப்போது வேண்டாம், காரணம் இது' என்றோ சொல்லும். இப்படி ஒருமுறை பார்ப்பது 'டிக்' எனப்படும். டிக்குகளின் வரலாறும், வேண்டாம் என்றதற்கான காரணமும் திரையில் பதிவாகும். 'புதிய கோப்பு இல்லை' என்ற ஒரு வரியை எழுதிவைத்தால், பணி ஏன் ஓடவில்லை என்று பின்னால் தேடுபவருக்கு அதுவே விடையாக அமையும்.

ஏர்ஃப்ளோவிலும் சென்சார் என்ற உறுப்பு உண்டு; ஆனால் அதன் நிலை வேறு. அங்கே அது குழாய்வழிக்கு உள்ளேயே ஒரு படியாக நின்று, எதிர்பார்த்தது நடக்கும்வரை காத்திருக்கிறது. அதன் இயல்பான முறையில், காத்திருக்கும் நேரமெல்லாம் வேலைசெய்யும் இடம் ஒன்று அடைபட்டுக் கிடக்கும். இதைத் தவிர்க்கும் ஏற்பாடுகள் பின்னர் சேர்க்கப்பட்டன. டேக்ஸ்டரில் உணரி பணிக்கு வெளியே நிற்கிறது. காத்திருப்பது உணரியின் வேலை. நிகழ்ந்த பிறகே ஓட்டம் பிறக்கிறது.

ஓட்டச் சாவி

கோப்புறையில் 40 கோப்புகள் உள்ளன. உணரி 30 நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் அந்த 40 கோப்புகளுக்கும் புதிய ஓட்டம் தொடங்கிவிடாதா? இதைத் தடுப்பது ஓட்டச் சாவி. உணரி ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனிச் சொல்லை அனுப்பலாம். அதே சாவியோடு அந்த உணரி முன்பே ஓர் ஓட்டத்தைத் தொடங்கியிருந்தால், இரண்டாவது கோரிக்கை கைவிடப்படும்.

சாவியாக எதை வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் வைத்தால், நிலையத்தார் அதே பெயரில் திருத்திய கோப்பை அனுப்பும்போது அது கண்டுகொள்ளப்படாது. பெயரோடு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் சேர்த்துச் சாவியாக்கினால் திருத்தமும் பிடிபடும். முதல் ஓட்டம் தோற்றுப்போனாலும் சாவி பயன்படுத்தப்பட்டதாகவே கருதப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உணரி அதைத் தானாக மறுபடி முயலாது. மறுமுயற்சி விதியைப் பணியில் அமைக்க வேண்டும், அல்லது கையால் மீண்டும் ஓட்ட வேண்டும்.

நினைவுக்குறி

கோப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பது மெதுவாகும். இதற்காக உணரிக்குக் கர்சர் எனப்படும் நினைவுக்குறி தரப்பட்டுள்ளது. 'இந்த நேரம் வரை பார்த்தாயிற்று' என்ற குறிப்பை ஒரு டிக்கின் முடிவில் எழுதிவைத்தால், அடுத்த டிக் அங்கிருந்து தொடரும். டிக் பாதியில் பிழையோடு நின்றால் நினைவுக்குறி நகராது. ஆகவே எதுவும் விடுபடாது. ஆனால் சில கோப்புகள் இரண்டாம் முறை பார்க்கப்படலாம். அப்போது ஓட்டச் சாவி காவலாக நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதன் பயன் இதுவே.

அரைகுறைக் கோப்பு

பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருக்கும்போதே அதன் பெயர் கோப்புறையில் தெரிந்துவிடும். அந்த நொடியில் உணரி பார்த்தால் பாதிக் கோப்பு முழுக் கோப்பாகக் கணக்கில் ஏறும். அனுப்புபவர் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்த பிறகு உண்மைப் பெயரிடுவது வழக்கமான தீர்வு. எல்லாம் வந்தாயிற்று என்பதற்கு அடையாளமாகத் தனியொரு சிறு கோப்பை இறுதியில் அனுப்புவதும் உண்டு.

உணரிக்குள் கனமான வேலையை வைக்கக் கூடாது. ஒவ்வொரு டிக்குக்கும் நேர வரம்பு உண்டு; அதைத் தாண்டினால் டிக் தோல்வியாகும். கோப்பைத் திறந்து கணக்கிடுவது பணியின் வேலை. கோப்பு வந்ததா என்று பார்ப்பது மட்டுமே உணரியின் வேலை.

வேறு வகை உணரிகள்

கோப்புகளை மட்டுமன்றி டேக்ஸ்டருக்குள் நிகழ்வதையும் உணரிகள் கவனிக்கலாம். ஓர் அசெட் புதுப்பிக்கப்பட்டால் மற்றொரு பணியைத் தொடங்க ஒரு வகை உண்டு. ஓர் ஓட்டம் வென்றதா தோற்றதா என்பதைப் பார்த்துச் செயல்பட இன்னொரு வகை உண்டு. தோல்வி நேர்ந்தால் மின்னஞ்சல் அனுப்புவது இதன் பரவலான பயன். இவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அசெட்டும் எந்த நிபந்தனையில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை அதனிடத்திலேயே எழுதிவிடும் தானியக்க முறையும் அண்மைய பதிப்புகளில் சேர்ந்துள்ளது.

எங்கே அட்டவணை, எங்கே உணரி

வெளியுலகமே கடிகாரப்படி நடந்தால் அட்டவணை போதும். வெளியுலகம் தன் போக்கில் நடந்தால் உணரி வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கோப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனவே சேர்த்துச் சீர்ப்படுத்தும் பணிக்கு உணரி. மாத மொத்தம் 1-ஆம் நாள் கேட்கப்படுகிறது. எனவே அதற்கு அட்டவணை.

நாள் சராசரிக்கு இரண்டில் எது என்பதுதான் சிந்திக்க வேண்டியது. எல்லா நிலையங்களும் வந்த பிறகே கணக்கிடுவது என்று உணரி அமைத்தால், ஒரு நிலையம் பழுதானால் மாநிலம் முழுவதற்கும் அறிக்கை வராது. 11 மணிக்கு வந்தவரை கணக்கிடுவது என்று அட்டவணை அமைத்தால், அறிக்கை தவறாமல் வரும். ஆனால் சில மாவட்டங்களின் சராசரி குறைந்த நிலையங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது: 11 மணிக்கு அட்டவணைப்படி ஒருமுறை கணக்கிட்டு, எத்தனை நிலையங்களின் தரவு சேர்ந்தது என்பதையும் உடன் வெளியிடுவது, பின்னர் தாமதமான கோப்பு வரும்போதெல்லாம் அந்த நாளின் பகுப்பை மட்டும் உணரி மூலம் மீண்டும் கணக்கிடுவது.

இது சரிவர நடக்க, ஒரே பகுப்பை எத்தனை முறை ஓட்டினாலும் விடை கெடாதிருக்க வேண்டும். புதிய வரிகளைப் பழையவற்றோடு சேர்த்துக்கொண்டே போகும் நிரல், இரண்டாம் ஓட்டத்தில் மழையை இரட்டிப்பாக்கிவிடும். அந்தப் பகுப்பின் பழைய வரிகளை நீக்கி, புதியவற்றை அவ்விடத்தில் வைக்கும் நிரலே இங்கு ஏற்றது.

தவிர்க்க வேண்டிய வழக்கம் ஒன்றும் உண்டு. முதல் பணி ஆறு மணிக்கு, அது எப்படியும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் இரண்டாவது ஏழு மணிக்கு என்று இடைவெளியை ஊகித்து அட்டவணை போடுவது. தரவு பெருகப் பெருக ஒரு நாள் முதல் பணி 7.05-க்கு முடியும். அன்று இரண்டாவது பணி நேற்றைய தரவைக் கொண்டு கணக்கிட்டுவிட்டு, வெற்றி என்று அறிவிக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடக்க வேண்டியவற்றை ஒரே பணியில் வைக்க வேண்டும். அல்லது முதலாவதன் முடிவைக் கவனிக்கும் உணரியால் இரண்டாவதைத் தொடங்க வேண்டும்.

நிரலை ஒழுங்குபடுத்துதல்

அசெட்டுகள், பணிகள், அட்டவணைகள், உணரிகள் ஆகிய அனைத்தும் டேக்ஸ்டரில் 'டெஃபினிஷன்ஸ்' என்னும் ஒரே பட்டியலில் பதிவாக வேண்டும். அதில் சேர்க்கப்படாத உணரி, நிரல் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் திரையில் தோன்றாது. சிறு திட்டத்தில் அசெட்டுக்கு ஒரு கோப்புறை, பணிக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, உணரிக்கு ஒன்று என வகைப்படி பிரிப்பது போதும். திட்டம் வளர்ந்த பிறகு மழை, அணை நீர்மட்டம், வெப்பநிலை எனப் பொருள்படி பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்குரிய பணிகளையும் அட்டவணைகளையும் உணரிகளையும் வைப்பது தேடுவதற்கு எளிது.

வெவ்வேறு குழுக்களின் நிரல்களைத் தனித்தனி நிரல் இருப்பிடங்களாக வைக்கலாம். ஒவ்வோர் இருப்பிடமும் தனிச் செயல்முறையாக ஏற்றப்படுவதால், ஒரு குழு எழுதிய தவறான வரி மற்றக் குழுவின் அட்டவணைகளை நிறுத்துவதில்லை. பைத்தான் நூலகங்களின் பதிப்புகளும் குழுவுக்குக் குழு மாறுபடலாம்.

அட்டவணைகளும் உணரிகளும் சாதாரண பைத்தான் செயற்கூறுகளே. எனவே அவற்றைத் தனியே அழைத்துச் சோதிக்கலாம். கோப்புறை வெறுமையாக இருந்தால் என்ன சொல்கிறது, ஒரே கோப்பு இருமுறை வந்தால் என்ன சொல்கிறது என்ற இரண்டு சோதனைகளே பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

நடக்காததைக் கண்டறிதல்

புதிதாக எழுதிய அட்டவணையோ உணரியோ ஓடாமலிருப்பதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, டேக்ஸ்டரில் அவை இயல்பாகவே நிறுத்தப்பட்ட நிலையில்தான் தோன்றும். திரையில் அவற்றை இயக்கிவிட வேண்டும், அல்லது தொடக்க நிலை இயக்கத்தில் என்று நிரலில் எழுத வேண்டும். இரண்டாவது, அட்டவணைகளையும் உணரிகளையும் இயக்குவது டீமன் என்னும் தனிப் பின்னணி நிரல். திரையைக் காட்டும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். கையால் தொடங்கலாம் என்று எண்ணும் வண்ணம் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் டீமன் நின்றிருந்தால் எந்த அட்டவணையும் அசையாது.

டீமன் சில மணி நேரம் நின்று மீண்டும் எழுந்தால், விடுபட்ட நேரங்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும். டேக்ஸ்டரில் பகுப்பு சாராத அட்டவணைக்கு, விடுபட்டவற்றில் கடைசி ஒன்று மட்டும் ஈடுசெய்யப்படும். பகுப்பு சார்ந்ததற்கு ஒரு வரம்புக்குள் விடுபட்டவை ஓட்டப்படும். வரம்புக்கு மேற்பட்டவற்றைப் பேக்ஃபில் செய்ய வேண்டும். ஏர்ஃப்ளோவில் விடுபட்டவற்றையெல்லாம் ஓட்டுவதே நெடுநாள் இயல்பாக இருந்தது; 2025-இல் வந்த 3.0 பதிப்பில் அது மாற்றப்பட்டது. எந்தக் கருவியானாலும் அதன் இயல்பை அறிந்துகொள்வது, ஒரு நாள் முழுதும் சர்வர் நின்றுபோன பிறகு அல்ல, அதற்கு முன்பே நல்லது.

தோல்வியைக் கவனிக்கும் உணரி ஒன்றை வைத்துவிட்டால் போதும் என்று பலரும் கருதுகின்றனர். அந்த உணரி தோற்ற ஓட்டத்தையே பார்க்கும். பிறக்காத ஓட்டம் தோற்பதில்லை. ஆகவே அதைப் பற்றி எந்த மின்னஞ்சலும் வராது. உணரியை இயக்கும் டீமனே நின்றிருந்தால் அந்த உணரியும் நின்றிருக்கும்.

இதற்கு ஈடாக, தரவின் பக்கத்திலிருந்து கேள்வி கேட்க வேண்டும். 'பணி ஓடியதா' என்று கேட்பதைவிட, 'நண்பகலுக்குள் இன்றைய சராசரி அட்டவணையில் இருக்கிறதா, எத்தனை நிலையங்களின் தரவு அதில் உள்ளது' என்று கேட்பது உறுதியானது. ஓர் அசெட் குறித்த காலத்துக்குள் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்கும் சோதனைகளை டேக்ஸ்டரிலேயே எழுதலாம். அவற்றோடு, டேக்ஸ்டரைச் சாராத வேறொரு கணினியிலிருந்து முடிவு அட்டவணையின் கடைசி நாளை மட்டும் பார்த்து, அது பழையதாக இருந்தால் எச்சரிக்கும் சிறு நிரல் ஒன்றையும் வைப்பது நல்லது. அந்தச் சிறு நிரலை இயக்கப் பழைய கிரான் தாராளமாகப் போதும்.